தொப்பூர் கணவாய்க்கு எந்தப் பிளக்

இன்று காலை கடையைத் திறந்ததும் டாக்சிக்காரர் ஒருவர் கைக்குட்டையில் சுருட்டிய பழைய ஸ்பார்க் பிளக்கை என் மேசைமேல் வைத்தார். பிரித்ததும் அந்த வாசனை வந்தது. எரிந்த பெட்ரோலும் கருகிய எண்ணெயும் சேர்ந்த வாசனை. உன் விரல்களிலும் என் விரல்களிலும் வருஷக்கணக்காக ஊறி, எந்த சோப்புக்கும் போகாமல் கிடந்தது. விலை கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எதிர்க் கடை ஏன் பூட்டியிருக்கு?"

நீ போய்விட்டாய் என்று சொன்னேன். மனிதர் தெருவில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, பூட்டிய உன் கதவைப் பார்த்துக் கும்பிட்டார். திரும்பி வந்து பிளக்கைக் கைக்குட்டையில் மறுபடி சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். என்னிடம் வாங்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

உன்மேல் எனக்குப் பொறாமை. இருந்தது என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. போனவர்களுக்கு எழுதும்போது எல்லாரும் இதை மரியாதை, பாசம் என்று வேறு பெயர் போட்டு எழுதுகிறார்கள். நான் பெட்டிக்குள் என்ன சரக்கோ அதையே சீட்டில் எழுதிப் பழகினவன்.

நாம் இரண்டு பேரும் தண்டில், அந்தப் பட்டாளக் குடியிருப்புப் பகுதியில், ஒரே கராஜில் மண்ணெண்ணெயில் என்ஜின் சாமான் கழுவினவர்கள். நான் முதலில் கடை வைத்தேன். மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் வந்தால் மறுநாளே என் பெட்டி ரயிலேறிவிடும். பிளக் கம்பெனிகள் அனுப்பும் விவரப் புத்தகங்களைப் படிப்பதற்காகவே இங்கிலீஷ் எழுத்துக் கற்றுக்கொண்டேன். நீ எனக்கு நேர் எதிரே ஒற்றை அலமாரியும் ஒரு முக்காலியும் போட்டு உட்கார்ந்தாய். கூட்டம் உன் பக்கம் நின்றது.

"பழசைக் காட்டு, அப்புறம் புதுசு" என்பாய். வந்தவன் கொடுத்த பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். முனை வெளுத்துக் கொப்பளித்திருந்தால் ஒரு முகம், ஈரமாக எண்ணெய் படிந்திருந்தால் ஒரு முகம். சில நாள், "புதுசு வேணாம்பா, பிரஷ் போட்டுத் தேய்ச்சு மாட்டிக்கோ" என்று வந்த வியாபாரத்தையே திருப்பி அனுப்புவாய். சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். திருப்பி அனுப்பப்பட்டவன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நானும் ஒருநாள் ஒருவனிடம் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். "ஏண்ணா, சரக்கு தீந்துபோச்சா?" என்று கேட்டான்.

அந்த வேளாங்கண்ணிப் பயணத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அல்சூருக்கும் சிட்டி மார்க்கெட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த சின்னப்பன், மாதா திருவிழாவுக்கு ஆள் ஏற்றினான். என் மனைவியும் அதில் இடம் பிடித்திருந்தாள். பஸ்ஸுக்கு எப்போதும் உன் கடைப் பிளக்தான். ஊருக்குள் நின்று நின்று ஓடும் வண்டிக்கு அது சரியான பிளக் என்பதில் எனக்கு இன்றும் தகராறு இல்லை. உள்ளே பீங்கான் மூக்கு நீளமாக இருக்கும். சூட்டைப் பிடித்துவைத்துப் படிகிற கரியை எரித்துவிடும். ஆனால் ஆளும் மூட்டையுமாக வெகுதூரம் ஓடி, திரும்பும்போது தொப்பூர் கணவாயில் ஏற வேண்டிய வண்டிக்கு அது எமன். அதற்கு மூக்கு குட்டையான பிளக் வேண்டும், சூட்டைச் சட்டென்று விட்டுவிடுகிற ஜாதி. மாற்றாமல் போனால் பிஸ்டன் ஓட்டையாகி நடுவழியில் நிற்கும்.

கிளம்புவதற்கு முந்தின நாள், மாலை போட்ட பஸ்ஸை நம் கடைகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தான்.

"சின்னப்பா, பிளக்கு மாத்தினியா?" என்று கேட்டேன்.

"எப்பவும் மாட்டறதுதாண்ணா இருக்கு."

"அது டவுனுக்கு. கணவாயிலே வெந்துடும். குட்டை மூக்கு ஒரு செட்டு எடுத்துக்கோ."

அவன் சிரித்தான். "இன்னாண்ணா, போற நேரத்துலே வியாபாரமா? காலையிலேதான் ஃபாதர் பானெட்டைத் தொறக்கச் சொல்லி என்ஜின் மேலயே தீர்த்தம் தெளிச்சாரு. மந்திரிச்ச வண்டி. திரும்பி வர்ற வரைக்கும் ஒரு போல்ட்டைத் தொட மாட்டேன்."

நம் தண்டு டிரைவர்களின் வழக்கம் உனக்குத் தெரியும். மந்திரித்தபிறகு ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவதோடு சரி. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "தீர்த்தம் பீங்கானைக் குளிர வைக்காது" என்றேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"நீங்க சொன்னா கழட்ட மாட்டேன். எதிர்க் கடை அண்ணன் சொல்லட்டும்."

சாப்பிட வீட்டுக்குப் போனால் அங்கேயும் நீதான். நடந்ததைக் கேட்டுவிட்டு மனைவி சொன்னாள்: "அவர்கிட்டே ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

என் கடைக்கும் உன் கடைக்கும் நடுவில் இருந்த தெரு அன்று இருந்த அகலம் என்றுமே இருந்ததில்லை. தாண்டி வந்து விஷயத்தைச் சொன்னேன். நீ பிளக்கைப் பார்க்கக்கூட இல்லை. "நீ பாத்தியா?" என்றாய். "பாத்தேன்" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாய்.

"சின்னப்பா, ஃபாதர் மந்திரிச்சது உன் பிரயாணத்தை. பிளக்கை இல்லே. இவர் சொல்றதை இவர் கடையிலேயே வாங்கி மாட்டு."

"சரிங்கண்ணா" என்று அந்த நிமிஷமே பானெட்டைத் தூக்கினான். நான் சொன்ன அதே விஷயம். பிளக் என்னுடையது, யோசனை என்னுடையது. மாட்டி முடித்ததும் அவன் கும்பிட்டது உன்னை.

பஸ் நல்லபடியாகத் திரும்பி வந்தது. சின்னப்பன் ஒரு பிளக்கைக் கழற்றி எடுத்துவந்தான். முனை காபிப் பொடி நிறத்தில், பார்க்கக் கண் நிறைந்தது. உனக்குத்தான் காட்டினான். மாதா கோவில் எண்ணெய்ச் சீசாவும் பொரியும் உன் முக்காலிமேல் வைத்தான். என் மனைவியும் தன் பங்குக்கு உனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாள். நீ தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாய்: "வாடா, பாதி உனக்கு. கண்ணு வைக்காமத் தின்னு, எனக்கு வயித்தை வலிக்கும்." தின்றேன். பொறாமைக்காரனுக்கும் பசிக்கும்.

அன்றைக்கு வாயில் பொரியோடு உன்னிடம் கேட்டேன். "பிளக்கைப் பாக்காமலே ஏண்டா சரின்னே?"

"பிளக் விஷயத்துலே உன்னைவிட இந்தத் தெருவிலே யாருக்குடா தெரியும்?"

"அதை அவன் எதிர்லே சொல்றதுக்கு என்ன?"

"அவன் கேக்கலியே."

இதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். எனக்குக் கிடைத்த ஒரே நற்சாட்சியும் உன் வாயிலிருந்துதான் வந்தது; அதுவும் யாரும் கேட்காத இடத்தில்.

இன்று மத்தியானம் சின்னப்பன் வந்தான். யுத்தத்தில் பஸ்ஸுக்குப் போதிய பெட்ரோல் கிடைப்பதில்லை. பஸ்ஸின் பின்னால் பெரிய டிரம்மைக் கட்டி, கரியை எரித்து வரும் வாயுவில் ஓட்டுகிறான். இந்த அடுப்பு வண்டிகள் நம் தெருவுக்கு வந்ததே நீ படுக்கையில் விழுந்தபிறகுதான். என்ஜின் விட்டுவிட்டு அடிக்கிறது, பாதி வழியில் நிற்கிறது என்றான். இப்படியே போனால் பஸ்ஸை விற்றுவிட வேண்டியதுதான். நான் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன், புத்தகத்தைப் பார்த்தேன், யோசித்தேன். குட்டை மூக்குப் பிளக்கைப் போட்டு, முனைகளுக்கு நடுவில் இடைவெளியைக் குறை என்று சொன்னேன். தலையை ஆட்டினான். வாங்கவில்லை. உன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவர் இருந்தா இன்னா சொல்லியிருப்பாரோ."

காலையில் ஒருவன், இப்போது இவன். இவனும் வெறும் கையோடு போவான், பஸ் விலைக்கு வரும். நான் சொன்னேன்:

"படுக்கையிலே இருந்தப்பவே அவன்கிட்டே இதைப் பத்திக் கேட்டேன். கரி வண்டிக்குக் குட்டை மூக்கு, இடைவெளி கம்மின்னு சொல்லிட்டுத்தான் போனான்."

நீ எங்கே சொன்னாய்? கடைசி நாட்களில் உனக்குக் கஞ்சி இறங்கினால் பெரிது. ஆனால் சின்னப்பன் முகம் தெளிந்தது. ஒரு செட்டை வாங்கி அங்கேயே மாட்டினான். சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து வரும்போது ஹார்ன் அடித்து நிறுத்தினான். என்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. உன் கதவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"பாத்தீங்களாண்ணா, போயும் நம்மளைக் கைவிடலே."

ஆமாம் என்றேன்.

எதிரே உயிரோடு ஒருவன் இருந்தால் விலையைக் குறைத்துப் பார்க்கலாம், புதுச் சரக்கு இறக்கிப் பார்க்கலாம். செத்தவனோடு எப்படிப் போட்டி போடுவது? சின்னப்பன் வாய் சும்மா இருக்காது. நாளைக்கு மற்ற கரி வண்டிக்காரர்களும் வந்து, அவர் வேறே என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்பார்கள். சொல்லத்தான் போகிறேன். என் கடையில் இப்போது அதிகம் விலைபோகிற சரக்கு உன் பெயர்தான். நான் தப்பாகச் சொன்னால் மட்டும் அது என் தப்பாக இருக்கும்.

இதை எங்கிருந்தாவது நீ கேட்டால் முக்காலி ஆடச் சிரிப்பாய். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.