ஆறு குழாய்களில் ஒன்று

பிப்ரவரி 2

அன்பு டமாரத்துக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? நானும் சுகம்தான், ஆக்சிஜன் பெட்டி தோளில் தொங்கும்வரை.

உங்கள் அறிவியல் புனைகதை மாநாட்டு அழைப்பிதழ் வந்தது. செயலாளர் என்று உன் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வகுப்புத் தலைவி ஆனதற்கே தரையில் கால் படாமல் நடந்தவள் நீ, இப்போது எப்படி நடக்கிறாயோ! நான் வருகிறேன். வேடப் போட்டிக்கும் என் பெயரைக் கொடுத்துவிடு.

என் வேடத்தைக் கேள். நம் காற்று விஷமாக இருக்கும் ஒரு கிரகத்திலிருந்து வந்த தூதர். தன் ஊர்க் காற்றைத் தானே சுமந்து வருகிறாள். கழுத்துப்பட்டையிலிருந்து முகத்துக்கு ஆறு குழாய்கள். ஐந்து பொய், ஒன்று நிஜம். பழைய குடைத் துணியில் அங்கி தைக்கிறேன். துணி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, ஆனால் என்னிடமா அதன் ஜம்பம் பலிக்கும்?

என் கடைக்குக் கால்சட்டை சுருக்க வருகிறவர்கள் முதலில் என் மூக்கைப் பார்க்கிறார்கள், பிறகு தரையைப் பார்க்கிறார்கள், பிறகு, "அவசரமில்லைங்க, மெதுவா தைங்க" என்கிறார்கள். அவசரமில்லாதவர்கள் தையல்காரியிடம் எதற்கு வர வேண்டும்? எனக்கு அலுத்துவிட்டதடி. ஒரே ஒரு நாள், இந்தக் குழாயைப் பார்த்து யாராவது வாயைப் பிளந்து, "எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்க வேண்டும். அதனால் என் நுரையீரல் விஷயம் அங்கே ஒருவருக்கும் தெரியக் கூடாது. உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

பேட்டரி மதியம்வரைதான் தாங்கும். மேடைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட், படியேறாமல் வர ஒரு வழி. வேறொன்றும் வேண்டாம்.

உன்,
ஊசி


பிப்ரவரி 9

என் செல்ல ஊசிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட கத்தலில் எங்கள் வீட்டுக்காரர் கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். "வேற்றுக்கிரகத்துத் தூதர் வர்றாங்க" என்றேன். "சாப்பாட்டுக்கா? முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார். இவரோடுதான் நான் காலம் தள்ளுகிறேன்.

பிளக் பாயின்ட் ஆயிற்று. பின்வாசல் சரிவுப் பாதையும் திறந்திருக்கும். உன் விஷயம் என்னைத் தாண்டிப் போகாது, சத்தியம். டமாரம் என்று பெயர் வைத்ததே நீதான், அதற்காக உன் விஷயத்தையே கொட்டி முழக்குவேனா?

இங்கே என் பாடுதான் திண்டாட்டம். போன வருடம் காலி நாற்காலிகளுக்குத்தான் நன்றியுரை சொன்னேன். பத்திரிகைக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த முறையும் இப்படியே போனால் மண்டபம் தர மாட்டார்களாம். ஏதாவது வழி பிறக்கும். நீ வா, அதுவே எனக்குப் போதும்.

உன்,
டமாரம்


மார்ச் 4

டமாரம்,

மாநாட்டிலிருந்து திரும்பும் பேருந்திலேயே எழுத நினைத்தேன். வீடு வந்துதான் பேனா கிடைத்தது.

காலையில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுகிறேன். வால் வைத்தவர்கள், நான்கு கை வைத்தவர்கள் நடுவே நான் ஒரு சாதாரண ஆளாக நடந்தேன். நடுவராக வந்த பல் டாக்டர் குனிந்து, "இந்தப் புஸ்ஸு புஸ்ஸு சத்தம் எப்படிங்க வருது?" என்றார். "எங்க கிரகத்து ரகசியம்" என்றேன். ஒரு பெண் ஆறு குழாயையும் தொட்டுப் பார்த்துவிட்டு, நிஜக் குழாயைப் பிடித்துக்கொண்டு, "இது மட்டும் பொம்மை மாதிரி இருக்கு, கொஞ்சம் மெனக்கெட்டிருக்கலாம்" என்றாள். எனக்கு வந்த சிரிப்பில் மூச்சே முட்டியது. எத்தனை வருடமாயிற்று அப்படிச் சிரித்து!

பிறகு நீ ஒலிபெருக்கியைப் பிடித்தாய். "இவங்க மாட்டியிருக்கறது வேஷமில்லை. நிஜமான ஆக்சிஜன். நோயோட போராடிக்கிட்டே வந்திருக்காங்க." மன உறுதிக்கான சிறப்பு விருது என்று ஒரு கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். உட்கார்ந்தே தட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

இறங்கி வரும்போது அந்தப் பெண் அழுதுகொண்டு என் முழங்கையைப் பிடித்தாள். "மன்னிச்சிடுங்க, தெரியாம பேசிட்டேன்." என் அங்கியின் தையலைப் பற்றி அதன் பிறகு ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏன் இப்படிச் செய்தாய்? அங்கே உன்னைத் தவிர யாருக்கும் தெரியாதே.

ஊசி


மார்ச் 11

என் ஊசிக்கு,

கோபப்படு, உனக்கு இல்லாத உரிமையா. ஆனால் என் பக்கத்தையும் கேள்.

மதியம் நீ வரிசையில் நின்றபோது உன் உதடு நீலமாக இருந்தது. உனக்கு ஒன்று ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது? ஓடிப்போய் நடுவர்களிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் அந்த நிமிடமே உருகிப்போய் விருது கொடுக்கத் தீர்மானித்தார்கள். நான் என்ன செய்ய முடியும்?

பத்திரிகையில் வந்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். அரைப் பக்கம்! உன் படம் எவ்வளவு லட்சணமாக விழுந்திருக்கிறது, பார். எங்கள் சங்கத்தில் சேர வேண்டும் என்று கேட்டு ஓயாமல் போன் வருகிறது. அடுத்த வருடத்துக்கு மண்டபமும் கிடைத்துவிட்டது. எல்லாம் உன்னால்தான். அடுத்த முறை நீதான் குத்துவிளக்கு மாதிரி மேடை நடுவில் உட்கார வேண்டும்.

இரண்டு வரியாவது எழுது. உன்னோடு பேசாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்,
டமாரம்


மார்ச் 16

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது.

உதட்டில் நான் பூசியிருந்தது நீலச் சாயம். அது தங்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம், அதை நான் பெரிதுபடுத்தவில்லை. பக்கத்தில் வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதோடு விட்டுவிடுவேன்.

ஆனால் கேடயத்தை நேற்றுதான் பையிலிருந்து எடுத்தேன். பித்தளைத் தகட்டில் என் முழுப் பெயர் வெட்டியிருக்கிறது, விருதின் பெயரோடு, ஓரமெல்லாம் மெருகு போட்டு. கையால் வேலை செய்து பிழைக்கிறவள் நான். மதியம் சொல்லி மாலைக்குள் முடிகிற வேலையா அது? நான் கழுத்துப்பட்டை வெட்டிக்கொண்டிருந்த நாட்களிலேயே தாங்கள் பட்டறையில் என் பெயரைக் கொடுத்துவிட்டீர்கள்.

அப்படியானால் நடுவர்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறீர்கள், பல் டாக்டருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் குனிந்து அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நான் கிரகத்து ரகசியம் என்று பெருமையடித்தபோது அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தால் உடம்பு கூசுகிறது. விருதைத் தந்து அன்றைய மாலைப் பொழுதைப் பறித்தீர்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். காலைப் பொழுதும் என்னுடையதாக இருக்கவில்லை. அந்தப் பெண் ஒருத்திதான் என்னை வேடக்காரியாகப் பார்த்திருக்கிறாள். அவளையும் தாங்கள் அழவைத்துவிட்டீர்கள்.

கேடயத்தைத் தனியே அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. எனக்கு ஏதாவது ஆனால் கூப்பிடச் சொல்லி, மருத்துவமனையில் தங்கள் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். இன்று காலை போய் மாற்றிவிட்டேன். என் கடைக்கு எதிரே பூட்டு ரிப்பேர் செய்கிறவரின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். பழக்கம் அதிகமில்லை. விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கென்னங்க, எழுதிக்கோங்க" என்றார், வேறெதுவும் கேட்கவில்லை. யார் பதில் சொல்வது என்று தாங்கள் இனி கவலைப்பட வேண்டாம். எனக்கு எது நடந்தாலும் தங்களுக்குத் தகவல் வராது.

இப்படிக்கு,
வேடப் போட்டியில் கலந்துகொண்டவர்