ஆடாத மீட்டர் முள்

கிணத்துக்கடவு,
செப்டம்பர் 18, 2024

டொரண்டோ மாநகரத்தையே ஒற்றைத் தோளில் தாங்கி நிற்கும் என் அக்கா மகன் மாப்பிள்ளை கதிர்வேலுக்கு, கொங்கு நாட்டில் தன்னை மிஞ்சிய மெக்கானிக் இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லித் திரிந்த உன் மாமன் திருமூர்த்தி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அக்காவுக்கு முட்டிவலி தேவலை.

இந்தக் காலத்தில் கடிதமா என்பாய். போனில் பேசினால் பத்தாவது நொடியில் நான் கதைவிட ஆரம்பித்து உன்னைச் சிரிக்க வைத்துவிடுவேன். இது சிரித்துத் தள்ளுகிற சங்கதி இல்லை, கண்ணு.

உன் தங்கை லோகப்பிரியா மகளின் காதுகுத்துக்கு நீ வர முடியாததால், நீ செய்ய வேண்டிய தாய்மாமன் சீரை உங்கப்பா ஜீப்பில் நான் கொண்டுபோனேன். தாராபுரத்து மண்டப வாசலில் ஜீப் புகைந்தது. உக்கடத்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் மாசாணத்தின் வயரிங் சரியில்லை என்று சபையறியச் சொன்னேன். இதுவரை உனக்குத் தெரியும். மீதியைக் கேள்.

மாசாணம் பழைய டைனமோவைக் கழற்றி ஆல்டர்நேட்டர் மாட்டியது பத்தரைமாற்று வேலை. கையோடு என்னிடம், "ஏனுங்க, இதுல வர்ற கரண்ட்டை அந்தப் பழைய மீட்டரும் ஒயரும் தாங்காதுங்க. தடி ஒயர் போட்டு நேரா பேட்டரிக்கே குடுத்துப்போட்டனுங்க. மீட்டர் முள்ளு இனி ஆடாது, உட்டுப்போடுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

பேட்டரிக்கு ஏறும் கரண்ட்டைக் காட்டி, உங்கப்பா ஓட்டும்போது எந்நேரமும் டேஷ்போர்டில் துள்ளிய முள் அது. அது செத்துக் கிடக்கிற வண்டியில் சீர் கொண்டு போவதா? தாய்மாமன் மானமே அந்த முள்ளில் தொங்குவதாக எனக்குத் தோன்றிவிட்டது. தடி ஒயரைக் கழற்றினேன். பழைய மெல்லிய ஒயரை முறுக்கி, மீட்டர் வழியாகவே இணைப்புக் கொடுத்தேன். முள் இமயமலை உச்சிக்கே ஏறியது. நானும் கூடவே ஏறினேன்.

தாராபுரத்தில் இறங்கினேன். டேஷ்போர்டு கருகி, சீர்த்தட்டிலிருந்த பட்டுப்பாவாடை வரைக்கும் கரி. "மாமன் சீரா, சூளைச் சீரா?" என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். என் வாய் தானாகவே மாசாணம் பெயரைச் சொன்னது. அங்கேயே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி அவரை வைதேன்.

மனுசன் பஸ் ஏறி வந்தார். டேஷ்போர்டைத் திறந்ததும் என் ஒயரைப் பார்த்தார். நான் டேப் சுற்றினால் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி இருக்கும் என்பது நாடறிந்தது. என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒயரை வெட்டித் தன் பையில் போட்டுக்கொண்டு, "என்ற தப்புத்தானுங்க, பாத்துருக்கோணும்" என்றார்.

என் மானத்தைக் காப்பாற்றிய பெருந்தன்மை என்று மூன்று நாள் நினைத்திருந்தேன். நாலாம் நாள்தான் உறைத்தது. நானும் நம் சொந்தங்களும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவர் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சபையில் அவர் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

என்னை நம்பி நீயும் குடும்பக் குரூப்பில், இனி அவரிடம் யாரும் வண்டி விட வேண்டாம் என்று போட்டாய். நம் பங்காளிகளின் டிராக்டர்கள் ஒன்றுவிடாமல் வேறு கடைக்குப் போய்விட்டன. மூன்று முறை உக்கடத்துக்குப் போனேன். மூன்று முறையும் ஒரு பியூஸ் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவரும் கேட்டதை எடுத்துக் கொடுத்தார்.

நாளைக் காலை போய்ச் சொல்லிவிடுவேன். ஆனால் ஊரறியப் பழிபோட்டுவிட்டுக் கடைக்குள் மட்டும் மன்னிப்புக் கேட்டால் போதாது. இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடு. நான் போட்டால், மாமன் அடுத்த கதையை அவிழ்த்துவிட்டார் என்பார்கள். நீ போட்டால் நம்புவார்கள்.

உன் சீரைக் கருக்கிய கையால் ஆசீர்வதிக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நீயும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். மாசாணத்துக்கு ஒரு போன் செய். எடுத்ததும் அண்ணா என்று கூப்பிடு. அவர் எனக்கே மூன்று வயது மூத்தவர். நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

இப்படிக்கு,
உன் மாமன்
திருமூர்த்தி