தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போ, அண்ணா

அன்புள்ள இளவழகன் அண்ணனுக்கு சுவாதி எழுதுவது. செஞ்சியில் அம்மா, நைனா, நான் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், நீயும் லண்டன் பக்கத்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இதனோடு இருக்கும் பெரிய கடிதம் வழக்கம்போல் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. இந்தத் தாள் அம்மாவுக்குத் தெரியாது. இருவரும் தூங்கியபின் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், அம்மா புரண்டு படுத்தாலே கை நின்றுவிடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

அந்தக் கடிதத்தில், கிறிஸ்துமஸ் லீவுக்கு நண்பன் வீட்டுக்குக் கிளம்பும் முன் நீ தங்கியிருக்கும் படகின் வெந்நீர்த் தொட்டியைக் கழுத்து வரை நிறைத்துவிட்டுப் போ என்று அம்மா சொல்லியிருக்கிறாள். போனிலும் சொன்னாள், நீயும் சரிம்மா என்றாய். அதை மட்டும் செய்யாதே அண்ணா. குளிர் வருவதற்குள் வெந்நீரைக் கவனி என்று படகின் சொந்தக்காரர் சொன்னாராமே, காலி செய் என்றுதான் சொல்லியிருப்பார். பள்ளிக்கூட கம்ப்யூட்டர் அறையில் மதுமதி டீச்சர் எனக்கு ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். உன் படகு மாதிரியே நீளமான படகு, ஆள் இல்லாமல் அடுப்பு எரியாமல் கிடந்ததில் தொட்டித் தண்ணீர் உறைந்து உப்பி, செம்புத் தொட்டி பக்கவாட்டில் கிழிந்திருந்தது. நான் அதோடு நம்பிவிடவில்லை. நைனா கழற்றிப் போட்டிருந்த பித்தளைக் குழாயில் தண்ணீர் நிரப்பி, பின்பக்கம் மூடி போட்டு முறுக்கி, பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் பார்த்தால் அம்மா கையில் அந்தப் பை. இன்னாடி இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறியா என்றாள். ஸ்கூல் ப்ராஜெக்ட் என்றேன். கொழாய ஐஸ்ல வெக்கறதுக்கா உனக்கு பீஸ் கட்டறோம் என்று திட்டிக்கொண்டே கொடுத்தாள். பிரித்தேன் அண்ணா, அவ்வளவு கெட்டிப் பித்தளை, நீளவாட்டில் விரிசல். ஐஸ் உருக உருக அந்த வழியாகத் தண்ணீர் கசிந்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது, அடுத்த நிமிஷமே உன் படகு நினைவுக்கு வந்தது. படகைப் பார்த்துக்கொள்ளத்தானே சொந்தக்காரர் வாடகை வாங்காமல் உன்னைத் தங்க வைத்திருக்கிறார், தொட்டி கிழிந்தால் அந்தக் குளிரில் நீ எங்கே போவாய்.

அம்மாவிடம் விரிசலைக் காட்டிச் சொல்லிப் பார்த்தேன். அது பழங்கொழா, ஒடையாம இன்னா பண்ணும், வெறும் தொட்டிய வெச்சிட்டு எவனாவது வெளியூர் கெளம்புவானா என்றாள். நைனாவோ, உங்கம்மா சொல்றத எழுதிட்டுப் போயேன், டென்ஷன் ஏத்தாத என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். உனக்குத் தெரியுமே, போன வருஷம் குழாயில் தண்ணீர் வராமல் குடங்களைக் காலியாக விட்டுவிட்டு மேல்மலையனூர் போனோம், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நைனா கால் உடைந்தது. அன்றிலிருந்து அவலூர்பேட்டைக்கு ஒரு கல்யாணம் என்றாலும் எல்லாக் குடமும் தளும்பத் தளும்ப நிறைந்தால்தான் அம்மா கதவைப் பூட்டுவாள். போனில் சொல்லலாமே என்பாய், வீட்டில் இருப்பது ஒரே போன், அதில் எது பேசினாலும் எது வந்தாலும் முதலில் கேட்பது அம்மாதான். எனக்கும் பயம்தான் அண்ணா. காலி செய்துவிட்டுப் போகிற வழியில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால், நான் எழுதியதால்தான் என்று ஆகிவிடாதா. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் விரிசலை நான் கண்ணால் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

அந்த வீடியோவில் காட்டியபடி சொல்கிறேன், முதலில் ஹீட்டர் சுவிட்சை அணை, தண்ணீர் ஆறட்டும், பிறகு பம்பை நிறுத்து, எல்லாக் குழாய்களையும் திற, தொட்டிக்கு அடியில் இருக்கும் வடிகால் குழாயைத் திற, மேலே இருக்கும் சின்ன வால்வைத் தூக்கிவிட்டால் காற்று உள்ளே போய்ச் சீக்கிரம் வடியும். ஷவர் குழாயைக் கீழே தொங்கவிடு, அதற்குள்ளும் தண்ணீர் நிற்கும். வடிந்தபின் எதையும் மூடாதே, பாதி திறந்தபடியே இருக்கட்டும். திரும்பி வந்து தொட்டி நிறைந்தபின்தான் ஹீட்டரைப் போட வேண்டும். இன்னொன்று, கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் வாளியில் அரை வாளி தண்ணீர் பிடித்துப் படகின் நடுவில் வைத்துவிட்டுப் போ. அது உறைந்தாலும் மேலே எழும்ப இடம் இருக்கும். அம்மா கேட்டால் தண்ணி வெச்சிட்டுத்தாம்மா வந்தேன் என்று சொல்லலாம், பொய்யும் இல்லை. அம்மாவுக்காக மட்டும் சொல்லவில்லை, எனக்காகவும் வை.

பஜாரில் கடை வைத்திருக்கும் தேவநாதன் அண்ணன் திங்கட்கிழமை லண்டன் போகிறார், அங்கே இறங்கியதும் இதை உனக்குத் தபாலில் போடுவார். அங்காளம்மன் உனக்குத் துணை இருக்கட்டும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரி பட்டினி கிடக்காதே. மறக்காமல் ஒன்று செய். எல்லாம் வடித்து முடித்த அன்று போன் பண்ணி, சுவாதி நல்லா படிக்கிறாளா என்று அம்மாவிடம் கேள். நீ ஒரு நாளும் கேட்காத கேள்வி அது. அம்மா போடும் ஸ்பீக்கரில் அது என் காதில் விழுந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் தங்கை
சுவாதி