ஆசகேலின் பதின்மூன்று தொப்பிகள்

ஜனவரி 12
என் வீட்டுக்காரர் எவரெட் போய் மூன்று மாதம். கல்லறைக்கு இன்னும் நான் போகவில்லை. போனால் அவருக்குச் சொல்ல ஒரு சேதி வேண்டும் — ஆசகேல் திரும்பி வந்தானா இல்லையா?

நூற்றெழுபது வருஷத்துக்கு முன் மலைக்கு அந்தப் பக்கம், ஷேக்கர் என்ற கிறிஸ்தவத் துறவிக் கூட்டத்தாரின் ஊரில் இருந்தவன். அவனைப் பற்றிக் குறிப்பு எழுதிவந்த எவரெட்டுக்கு ஆஸ்பத்திரியிலும் அவன் பேச்சுதான். என் பேச்சு இல்லை.

ஜனவரி 15
ஷேக்கர் நூலகத்துக்குப் போனேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அங்கே இருக்கும் ஈனிட், அந்த ஊர்ச் சபையின் மூத்த சகோதரி ஒருத்தி அந்தக் காலத்தில் எழுதிய டைரியைக் கைக்குழந்தையைத் தருவதுபோலத் தந்தாள். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி.

ஜனவரி 23
ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் ஓடுகிறது. எவரெட்டின் குறிப்போடு ஒத்துப்பார்த்தேன். எல்லா வருஷமும் ஒரே கதை. நவம்பர்: "ஆசகேல் வந்தார். அழுதார். பாவங்களைச் சொன்னார். மூன்று கிண்ணம் சூப் குடித்தார்." ஏப்ரல்: "ஆசகேல் போய்விட்டார். ஒரு தொப்பியைக் காணோம்."

குளிருக்கு மட்டும் பக்தி வருகிறவர்கள் அப்போது நிறையப் பேராம். பதின்மூன்று வருஷம், பதின்மூன்று தொப்பி. இருப்பது ஒரே தலை.

எவரெட்டின் குறிப்பு அதோடு நிற்கிறது.

பிப்ரவரி 2
ஷேக்கர்களுக்குக் கல்யாணம் கிடையாது. ஆணுக்கு ஒரு படிக்கட்டு, பெண்ணுக்கு ஒரு படிக்கட்டு. இவர்களைப் போய் எவரெட் பத்து வருஷம் ஆராய்ந்தாரே — எனக்கு ஏதாவது சொல்ல வந்தாரா?

அவர் துணிகளைக் கொடுத்துவிட்டேன். தொப்பி மட்டும் இருக்கிறது.

பிப்ரவரி 20
பதினாலாவது நவம்பர். மாடு, மழை, ஆப்பிள். ஆசகேல் இல்லை. டிசம்பரிலும் இல்லை. மேஜையைத் தட்டி, "எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று கேட்டுவிட்டேன். சத்தம் போடக் கூடாது என்று சொல்ல வந்த ஈனிட் பக்கத்தில் உட்கார்ந்தாள். "செத்திருப்பானோ, லவீனியாக்கா?"

வீட்டுக்கு வந்து அழுதேன். யாருக்காக என்று தெரியவில்லை.

பிப்ரவரி 21
போகவில்லை.

மார்ச் 6
ஈனிட் போன் செய்தாள். "வாங்கக்கா, பின்கட்டுல சூப் வெச்சிருக்கேன். அந்தத் தொப்பித் திருடன் இல்லாம எனக்குப் பொழுதே போகல."

போனேன்.

மார்ச் 19
கிடைத்துவிட்டான். ஜனவரிக் கடைசியில்! "கொட்டும் பனியில் ஆசகேல் வந்தார். சறுக்குவண்டியில் பதின்மூன்று தொப்பிகள். வண்டி இரண்டு முறை கவிழ்ந்ததால் தாமதமாம். ஒவ்வொரு வருஷமும் தொப்பியைத் திருப்பித் தரத்தான் வந்தாராம். எடுத்துவர மறந்துபோனதாம். ஐந்து கிண்ணம் சூப்."

ஈனிட்டும் நானும் சிரித்த சிரிப்பில் யாரோ வந்து சத்தம் போடாதீர்கள் என்றார்கள்.

ஏப்ரல் 11
அந்த வருஷத்து ஏப்ரல். வரி வரியாக விரல் வைத்துப் படித்தேன். "ஆசகேல் வெங்காயம் நட்டார்." மறுநாள்: "வெங்காயம்." இந்தத் தடவை அவன் போகவில்லை.

ஏப்ரல் 14
கல்லறைக்குப் போய்ச் சொன்னேன். எவரெட்டின் தொப்பியை அங்கேயே வைத்துவிட்டு வரத்தான் போட்டுக்கொண்டு போனேன். மறந்துபோய் நூலகம் வரைக்கும் தலையிலேயே வந்துவிட்டது.

ஈனிட் பார்த்தாள். "அந்த ஆணியில மாட்டிட்டு வாங்க, சூப் ஆறுது."