வெளிக்குப் போகணும்

அம்மா, உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா இருமல் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா? வயிற்றைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

சிரிக்காதே. போன வாரம் தையல் மிஷினிலிருந்து எழுந்து சூப்பர்வைசரிடம், "சார், வெளிக்குப் போகணும்" என்றேன். நகரத்தில் வளர்ந்த மனுஷன், கேட் பாஸ் எழுதி நீட்டினார். "கக்கூசுக்கு சார்" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். "அதுக்கு சாப்பாட்டு பெல் அடிக்கணும்மா" என்றார். அன்றிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கினேன். மலம் கல்லாக இறுகி, கொஞ்சம் ரத்தமும் வந்தது. பயப்படாதே, டாக்டரைப் பார்த்துவிட்டேன்.

"நிறைய தண்ணி குடி, கீரை, பழம் சாப்பிடு, நட, வந்தா அடக்காதே" என்றார். என் வயிறு பெல்லைக் கேட்டா வேலை செய்கிறது? மாட்டுக்குக்கூட இந்தச் சட்டம் கிடையாது.

உலர்திராட்சை அனுப்பு, ஊறவைத்துத் தின்கிறேன். கொஞ்சம் அதிகமாகவே வை. அறையில் தனியாகத் தின்னப் பிடிக்கவில்லை, என்னோடு தங்கியிருக்கும் பக்கத்து மிஷின் அக்காவுக்கும் இதே பாடுதான்.

டிபன் பாக்ஸ் மேல் தாளை வைத்து, கக்கூஸ் வரிசையில் நின்றுதான் எழுதுகிறேன். எனக்கு முன்னால் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். வேலைக்குத் திரும்பச் சொல்லி பெல் அடித்துவிட்டது. நான் நகரப்போவதில்லை. இதற்காக நிஜமாகவே வெளியே அனுப்பினால் வீட்டுக்குத்தான் வருவேன். அப்பாவிடம் இப்போதே சொல்லிவை.

உன் மகள்