தையலுக்கு விட்ட அரை அங்குலம்

தூக்கிப் போடவில்லை, வாலு. போனில் நீ கேட்டபோது அப்பா பக்கத்து அறையில் இருந்தார், அதனால் மழுப்பினேன். நீயும் அப்பாவும் செய்யத் தொடங்கிய உகுலேலே, அந்தக் குட்டி கிட்டார், ஆறு வருஷமாக பீரோவின் மேல் தட்டில்தான் இருந்தது, உடல் தனி, கழுத்து தனி. நாங்கள் இங்கே சுகம், என் கட்டைவிரலைத் தவிர. உன் இருமல் நின்றதா, அதை முதலில் எழுது.

அதை இறக்கி முடித்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். கழுத்துக்கு மாதிரி வரைந்து கொடுத்தது நான், ஞாபகமிருக்கா, பழுப்புக் காகிதத்தில், சட்டைக்கு வரைவதுபோல. அம்மா வரைஞ்சா மயிரிழை பிசகாது என்றார் அப்பா, நீயும் தலையாட்டினாய். இருவரும் சேர்ந்து என்னைப் பாராட்டிய ஒரே நாள். அப்புறம் ஒட்டுமுன் பொருத்திப் பார்த்தீர்கள். கழுத்தில் பதித்த பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பி தந்தியின் சரிபாதியில் விழ வேண்டும், கால் அங்குலம் தள்ளி விழுந்தது. கண்ணை எங்க வெச்சு அறுத்தே என்றார். அளவு சொன்னது நீங்கதானே என்றாய். உன்னால எதையும் உருப்படியா முடிக்க முடியாது என்றார். கதவுச் சத்தம். பிறகு நீ ரயில் ஏறினாய். இப்போது அப்பா சாப்பிட்டாரா என்று நீ என்னிடம் கேட்கிறாய், பாப்பா பேசினாளா என்று அவர் என்னிடம் கேட்கிறார். நான் ஒரு தபால்பெட்டி.

போன வாரம் தையல் மெஷின் இழுப்பறையில் அந்தக் காகிதம் கிடைத்தது. கழுத்தின் அடிப்பக்கத்தில் என் கையெழுத்து: தையலுக்கு அரை அங்குலம். கைப்பழக்கம். மரத்துக்கு ஏது தையல். கழுத்து அரை அங்குலம் நீண்டால் பாதி கால் அங்குலம் தள்ளும். நீ அறுத்ததும் சரி, அவர் அளந்ததும் சரி.

அந்த அரை அங்குலத்தை அறுத்தேன். உன் பென்சில் கோடும் அதோடு போய்விட்டது. பசை தடவி, இறுக்கிக் கட்டி, ஒரு நாள் விட்டேன். ஃபிரெட் கம்பிகளின் முனைகள் நீ விட்டபடியே முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. பழைய அரத்தால் ராவினேன், கட்டைவிரல் கிழிந்தது. உனக்கு எதுக்கு இந்த வேலை என்று அப்பா வாசற்படியில் நின்றே கேட்டார். மறுநாள் மேஜையில் ஒரு புது அரம், மெல்லிசு. அதை எடுத்து வேலையைத் தொடர்ந்தேன். ராவிவிட்டு ஓரமாக ஷிஃபான் துண்டை இழுத்துப் பார்ப்பேன், இழை சிக்கினால் இன்னும் ராவ வேண்டும். சின்ன வயதில் உன் நகத்தை வெட்டிவிட்டு இப்படித்தான் என் முந்தானையில் தேய்த்துப் பார்ப்பேன், நீ நெளிவாய். நேற்று துணி சிக்காமல் வழுக்கியது.

உனக்கு எழுத முடிகிறது. அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நீ நினைத்ததெல்லாம் கூடிவரட்டும், உடம்பு தேறட்டும். வேளைக்குச் சாப்பிடு. கோபம் மிச்சமிருந்தால் இனி அது என்மேல் இருக்கட்டும்.

உன் அம்மா

உறையை ஒட்டுமுன்: அந்தப் பழுப்புக் காகிதத்தைக் கொண்டுபோய் அப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரின் மேல் விரித்து வைத்தேன். கண்ணாடியைத் தேடினார். எடுத்துக் கொடுத்தேன்.