தீக்கு முந்திய கத்தி

மார்ச் 4

தங்கையின் வீட்டுக்காரன் தலைகால் புரியாமல் குதித்துக்கொண்டு வந்தான். பழைய இரும்புக் கடையில் ஓர் உறைக்கத்தி கிடைத்ததாம். தோல் வளையங்களை அடுக்கிச் செய்த கைப்பிடி, அடியில் பித்தளைக் குமிழ். "மச்சான், இது அந்தப் பட்டறையோடதுதான். அதுவும் தீப்பிடிக்கறதுக்கு முன்னாடி செஞ்சது!"

உளறுகிறான். எங்கள் கத்திச் சங்கம் தேடித் தேடிச் சேர்ப்பது அந்தப் பழைய பட்டறையின் கத்திகளைத்தான்; அது எரிவதற்கு முன் செய்த கத்தி முழுதாக இதுவரை யாரிடமும் இல்லை. உடைந்த துண்டுகளை வைத்துத்தான் எங்களுக்கே தெரியும். முந்தையதில் கைப்பிடிக்குள் போகும் இரும்பு அகலமாக இருக்கும். முத்திரையும் உள்ளேயே, அதன்மேல். பிந்தையதில் இரும்பு ஒல்லி, முத்திரை வெளியே அலகில். இவன் கத்தியில் வெளியே முத்திரை இல்லை. தேய்ந்து போயிருக்கும், அவ்வளவுதான்.

மார்ச் 5

வயிறு எரிகிறது. அதே கத்தியைப் போன மாதம் அதே கடையில் நான் கையில் எடுத்தேன். குப்பை என்று திருப்பி வைத்தேன். சங்கத்தில் யார் கத்தி வாங்கினாலும் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். எந்தக் காலத்தது என்று நான் சொன்னால்தான் பேச்சு முடியும். நான் விட்டதைப் பெயின்ட் கடை நடத்தும் இவன் கண்டுபிடித்தான் என்றால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

இல்லை. பிந்தையதுதான்.

மார்ச் 7

பார்த்துச் சொல்லும்படி கத்தியை என்னிடம் விட்டுப் போனான். "கைப்பிடியில மட்டும் கை வச்சிராதீங்க மச்சான். நாய் டாக்டர்கிட்ட பேசிட்டேன், திங்கக்கிழமை எக்ஸ்ரே எடுத்தா பிரிக்காமலே உள்ள இருக்கறது தெரிஞ்சிடும்."

கத்திக்கு எக்ஸ்ரே! எனக்கே பாடம் எடுக்கிறான்.

மார்ச் 8

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உள்ளிரும்பின் நுனியைக் குமிழின் மேல் தட்டி இறுக்கிய இடம் பளபளக்கிறது. புதிதாகத் தட்டியது! எவனோ சமீபத்தில் பூட்டிய கைப்பிடி. நாளை வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? இன்றே அவன் மூக்கை உடைக்கிறேன். அரத்தை எடுத்துவிட்டேன்.

குமிழ் கழன்றது. தோல் வளையங்கள் தொட்டதும் பொடிப்பொடி. உள்ளே இரும்பு — அகலம். அதன்மேல் முத்திரை, ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று.

ஐயோ. முந்தையதேதான். பாவி சொன்னது சரி. என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

மார்ச் 9

தங்கையும் அவனும் வந்தார்கள். அவன் பொடியைக்கூட விடாமல் ஒரு காகிதத்தில் வழித்து எடுத்தான். "சந்தோஷமா மச்சான்?" என்றான், அவ்வளவே.

தங்கை விடவில்லை. "இரும்புக் கடைக்காரர் சொன்னாரு. நீயும் இதை எடுத்துப் பாத்துட்டு வச்சிட்டியாம். அந்தக் கடுப்புலதான் ராவுனியா?" குமிழ் பளபளத்ததும் வேறொன்றுமில்லையாம், விற்பதற்காகக் கடைக்காரர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததாம்.

நான் கத்தினேன். "நான் பிரிக்கலைன்னா இது முந்தையதுன்னு யாருக்குடி தெரிஞ்சிருக்கும்?"

"நாய் டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கும்."

மார்ச் 12

தங்கை போனை எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் போகட்டும்.

மார்ச் 15

சங்கத்தின் கண்காட்சி. நடு மேஜையில் மாப்பிள்ளை அலகு, குமிழ், பொடி எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் பரப்பியிருந்தான். பக்கத்தில் அட்டை: "பிரித்துப் பார்த்து உறுதி செய்தவர்: என் மச்சான்." ஒரு வார்த்தை பொய்யில்லை. கிழித்தெறியக் கை பரபரத்தது.

என் மேஜைக்கு யாரும் வரவில்லை. நானே எழுந்து, எனக்கு வெகுநாள் பழக்கமான தபால்காரரிடம் போனேன். கையில் புதிதாக ஒரு கத்தி வைத்திருந்தார். "குடுங்க, பாத்துச் சொல்றேன்."

"பாருங்க சார்," என்றார். கைப்பிடியைத் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டு, அலகை மட்டும் என் பக்கம் நீட்டினார்.